எது வேணும்னாலும் செய்யுங்க

செவ்வாய்க்கிழமை மாலை நீபியா எச்செவெரி கிளப்புக்குள் நுழையும்போது எதிரே யாரும் நிற்காமல் இருப்பது நல்லது. ஒரு கக்கத்தில் மாத்தே என்கிற இலைத் தேநீருக்கான வெந்நீர் பிளாஸ்க், இன்னொரு கையில் தரை துடைக்கிற கட்டை, முகத்தில் யாரைக் கடிக்கலாம் என்று தேடுகிற களை. காரணம் பவுடர்தான். சனிக்கிழமைகளில் அதே ஹாலில் டாங்கோ ஜோடிகள் ஆடுகிறார்கள். செருப்பு நன்றாக வழுக்க வேண்டுமென்று குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரைத் தரையில் தூவிக்கொள்வார்கள். ஆடி முடித்த பிறகு பெருக்கிவிட்டுப் போகிற வழக்கம் அந்தச் சீமான் சீமாட்டிகளுக்குக் கிடையாது. செவ்வாயன்று அதில் படுத்து உருளப் போவது நீபியாவின் ஆட்கள். பவுடரில் முழங்கையை ஊன்றினால் கை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். ஆகவே வினிகர் கலந்த தண்ணீரில் ஹால் முழுக்கத் துடைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் வகுப்பு. டாங்கோக்காரர்களைத் திட்டிக்கொண்டே துடைப்பாள். அவளுக்கு உடம்பு சூடாகிற பயிற்சியே அதுதான் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

இவ்வளவு பட்டும் அந்த ஹாலை விட அவளுக்கு மனம் வரவில்லை. மொன்டெவிடியோவில் எங்கள் ரெதுக்தோ பக்கம் மரத்தரை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. அடியில் கட்டைகள் கோத்து மேலே பலகை அடித்த பழைய தரை. விழுந்தால் அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மற்ற இடங்களையெல்லாம் அவள் பார்த்தாகிவிட்டது. தேவாலயத்துக் கூடத்தில் ஓடு பதித்திருக்கிறது. இடுப்பெலும்பு கன்றிப்போய் இரண்டு நாள் உட்கார முடியாது. உடற்பயிற்சிக்கூடத்தில் ரப்பர் விரிப்பு, தோளைச் சிராய்த்துவிடும். நின்றுகொண்டு ஆடுகிறவர்களுக்கு எந்தத் தரையானால் என்ன. படுத்து ஆடுகிறவர்களுக்கு அப்படி இல்லை.

படுத்து ஆடுவது என்றால் எங்கள் ஊரில் இன்னமும் சிரிக்கிறவர்கள் உண்டு. நீபியாவும் ஆரம்பத்தில் நின்றுதான் ஆடினாள். சின்ன வயதில் பாலே பள்ளியில் சேர்த்தார்கள். வளர்ந்ததும் இடுப்பு அகலமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வீட்டில் உட்காருகிற பெண் அல்ல அவள். ஆற்றைத் தாண்டி பக்கத்து நாட்டு புவெனஸ் ஐரெஸுக்குப் போனாள். அங்கே நவீன நடனம் சொல்லித் தருகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்தாள். முதல் நாளே படுக்கச் சொன்னார்கள். படுத்தவளுக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இடுப்பு அகலமோ குறுகலோ, தரைக்கு எல்லாம் ஒன்றுதான். திரும்பி வந்து ஒரு சின்னக் குழுவில் ஆடினாள். ஒரு மேடையில் தப்பாக விழுந்து வலது தோள்பட்டை முறிந்தது. அது கூடி வருவதற்குள் குழு கலைந்துவிட்டது. இப்போது ஐம்பத்தாறு வயது. காலையில் ஆரம்பப் பள்ளியில் குழந்தைகளை மரமாகவும் மேகமாகவும் நிற்க வைக்கிற உத்தியோகம், வாரத்தில் இரண்டு மாலை இந்த ஹால். கட்டிக்கொண்டவன் எப்போதோ விலகிப் போய்விட்டான். அவனைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமும் கிடையாது.

வகுப்பின் முதல் பாதியில் அவளுக்குத் தலைவலி இல்லை. விழவும் எழவும் உருளவும் சொல்லித் தருவாள்.

"எலும்பால விழாதீங்க, சதையால விழுங்க. கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகு, வரிசையா தரையில வைங்க. மூச்ச வெளிய விட்டுக்கிட்டே இறங்குங்க. அடக்கிக்கிட்டு விழுந்தா மூட்டை விழற சத்தம்தான் வரும்."

"மூட்டைக்கு என்ன குறைச்சல் புரொஃபே? அது திரும்ப எந்திரிக்க வேண்டியதில்ல" என்பார் தார்தோ. புரொஃபே என்றால் எங்கள் ஊரில் டீச்சர்.

தார்தோ பஸ் ஓட்டுகிறவர். முதுகு பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனவர், ஏதாவது ஆட்டபாட்டத்தில் சேருங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, டாங்கோ என்று நினைத்துத் தவறான கிழமையில் வந்து மாட்டிக்கொண்டவர். வந்தவர் போகவில்லை. இடுப்பிலிருந்து சுருண்டு இறங்குவது இன்று அவருக்கு நன்றாகவே வரும்.

இரண்டாம் பாதியில்தான் நீபியாவுக்கு வயிறு எரியும். அது அவரவருக்கு அந்த நேரத்தில் தோன்றுவதை ஆட வேண்டிய பாதி. எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொல்வாள். "இப்ப உங்க இஷ்டம். எது வேணும்னாலும் செய்யுங்க. அடுத்து என்ன வரப்போகுதுன்னு உங்களுக்கே தெரியக் கூடாது" என்பாள். ஒருத்தரும் அசைய மாட்டார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும். யாராவது இருமுவார்கள். அவளும் பொறுத்துப் பார்ப்பாள். கடைசியில் தாங்க முடியாமல் தானே தரையில் படுத்து, "இதோ, இந்த மாதிரி, எது வேணும்னாலும்" என்று ஆடிக் காட்டிவிட்டு எழுந்து பார்த்தால், அத்தனை பேரும் அச்சு அசலாக அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

"நான் செஞ்சத செய்யச் சொல்லலையே."

"எது வேணும்னாலும்னு சொன்னே. அதுல இதுவும் ஒண்ணுதானே?" என்று சொராய்தா மடக்குவாள். சுங்க இலாகாவில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வியாபாரிகளோடு வாதம் செய்து பழகிய வாய். கூட்டத்தில் நீபியாவை வாடி போடி என்று பேசக்கூடிய ஒரே ஆள்.

"உனக்குன்னு எதுவுமே தோணாதா?"

"தோணுது. எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும்னு தோணுது. போகட்டா?"

நீபியா கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இவர்களில் யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, அவள் சொல்லித் தராத ஒன்றை, அவர்களே எதிர்பார்க்காத ஒன்றை, அந்தத் தரையில் அந்த நேரத்தில் முடிவு செய்து ஆட வேண்டும். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வருஷக்கணக்காக ஊரார் பவுடரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மேகமாக நிற்கச் சொன்னால்கூட, குழந்தைகள் ஆளுக்கொரு மேகமாக நிற்கின்றன. வளர்ந்தவர்களுக்கு என்ன கேடு என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

நவம்பரில் ஒரு நாள் கிளப்பின் தலைவர் தோன் வால்டெமார் அவளைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். சீட்டாட்டத்தின் நடுவில் இருந்தார். கையிலிருந்த சீட்டைக் கவிழ்க்காமலே பேசினார்.

"ஏம்மா நீபியா, தப்பா எடுத்துக்காத. நான் எப்ப ஹாலுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் எல்லாரும் படுத்துக்கிட்டு இருக்கீங்க."

"அதுதான் வகுப்பு, தோன் வால்டெமார்."

"இருக்கட்டும், இருக்கட்டும். டயரு, கயிறெல்லாம் வெச்சு உடற்பயிற்சி சொல்லித் தர்ற ஒருத்தன் அந்த ஹாலக் கேக்கறான். அவன் ஆளுங்க நின்னுக்கிட்டாவது இருப்பாங்க. கமிட்டியில கேட்டா நான் என்னத்தச் சொல்ல? டிசம்பர்ல வருஷக் கடைசி நிகழ்ச்சி இருக்குல்ல, அதுல உன் ஆளுங்கள வெச்சு நல்லா ஒண்ணு ஆடிக் காட்டு. கமிட்டி உக்காந்து பார்க்கட்டும். பிடிச்சிருந்தா ஹால் உனக்கு. ஒத்திகைய மட்டும் இப்பவே ஆரம்பிச்சுடு."

"நாங்க ஒத்திகை பார்க்கறதில்ல."

"ஏன்?"

"அப்பப்பத் தோணறத ஆடறதுதான் நாங்க கத்துக்கறது. ஒத்திகை பார்த்தா அது வேற ஏதோ."

வால்டெமார் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இருவரும் மறுபடி சீட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

விஷயத்தைக் கேட்ட மாணவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆரம்பத்தையும் முடிவையும் மட்டுமாவது முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்றாள் சொராய்தா. முடியவே முடியாது என்றாள் நீபியா. தார்தோ தன் பங்குக்கு, யார் எந்த இடத்தில் படுப்பது என்பதையாவது தீர்மானித்தால் ஒருத்தர் தலை ஒருத்தர் வாயில் இடிக்காது என்றார். அதுவும் கூடாது என்றாள்.

"ஹால் போயிடும், நீபியா."

"போகட்டும். ஏமாத்தி வாங்கற ஹால்ல எனக்கு என்ன வேலை?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பலகைத் தரையைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள். அது போனால் அவளுக்குப் படுக்க இடமில்லை.

டிசம்பர் நிகழ்ச்சி. அந்தக் கிளப்பில் வழக்கம் என்னவென்றால், எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் உட்கார இடம் போதாது என்பதால் அதே நிகழ்ச்சியை மாலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தரம் என்று இரண்டு முறை நடத்துவார்கள். எங்கள் ஊரில் டிசம்பர் வெயில் காலம், ஹால் வெந்துகொண்டிருந்தது. வாசலில் சுடுகிற சோரிஸோ இறைச்சியின் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. குட்டிப் பெண்களின் பாலே முடிந்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையை உதைத்து ஆடுகிற பையன்கள் ஆடி முடித்தார்கள். அவர்கள் உதைத்த உதையெல்லாம் நீபியாவின் நெஞ்சில் விழுந்தது. பிறகு அவளுடைய ஆட்கள் வெறுங்காலோடு வந்து படுத்தார்கள்.

அவள் சுவரோரம் நின்று விரல் நகத்தைக் கடித்தாள். முதலில் யாரும் அசையவில்லை. முன்வரிசையில் கமிட்டிக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். அப்போது தார்தோ ஒரு தோளை மடித்து உருண்டார். சொராய்தா மறுபக்கத்திலிருந்து அவரை நோக்கி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒருவர் எழ ஒருவர் இறங்கினார். இடிக்கவில்லை, தயங்கவில்லை. நடுவில் தார்தோ கையை ஊன்றி எழப் போனார். கை வழுக்கிவிட்டது. அவர் ஆட்டத்தை அப்படியே நிறுத்தித் தன் உள்ளங்கையைப் பார்த்தார், யாருடைய கையோ என்று பார்ப்பதுபோல. பிறகு அதே கையைத் தரையில் தேய்த்து, அந்த வழுக்கலிலேயே சுற்றிக்கொண்டு போனார். ஹால் கைதட்டியது.

நீபியா அழுதுவிட்டாள். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அந்த வழுக்கல் யாரும் சொல்லித் தந்ததல்ல. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தார்தோ அந்த இடத்திலேயே முடிவு செய்தார். இத்தனை வருஷம் கழித்து, அதுவும் ஒரு பஸ் ஓட்டுநர். இடைவேளையில் அவரைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டாள். தார்தோ நெளிந்தார். சொராய்தா எங்கேயோ தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் தரம் ஆட்டம் ஆரம்பித்தபோது நீபியா நகம் கடிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இந்த முறை என்ன வரப்போகிறதோ என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தார்தோ தோளை மடித்து உருண்டார். சொராய்தா மறுபக்கத்திலிருந்து உடம்பை இழுத்துக்கொண்டு வந்தாள். தார்தோ கையை ஊன்றினார். கை வழுக்கியது. அவர் அப்படியே நிறுத்தி உள்ளங்கையைப் பார்த்தார்.

பந்து வலைகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருக்கிற அறையில்தான் உடை மாற்றுவார்கள். நீபியா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்க ஒத்திகை பார்த்தீங்க?"

ஆளாளுக்குத் தங்கள் செருப்பைத் தேடினார்கள். கடைசியில் சொராய்தாதான் சொன்னாள். "எங்க வீட்டு கார் ஷெட்ல. ஞாயித்துக்கிழமைங்கள்ல. உனக்காகத்தான் செஞ்சோம், கத்தாத."

"எனக்காகவா? நான் செய்யவே கூடாதுன்னு சொன்ன ஒண்ண, எனக்குத் தெரியாம, எனக்காக செஞ்சீங்களா? நான் அழுதேன் சொராய்தா. அங்க நின்னு எல்லாரும் பார்க்க அழுதேன்."

"பார்த்தோம். எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துது."

"யாரு அமைச்சது அத? எந்த மேதாவி?"

சொராய்தா தார்தோவைப் பார்த்தாள். தார்தோ தன் கால்சட்டையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் புரொஃபே" என்றார்.

"விளையாடாதீங்க."

"விளையாடல. நீங்க எது வேணும்னாலும்னு சொல்லிட்டு ஆடிக் காட்டுவீங்கள்ல, அத அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டோம். எங்களுக்கு அது மனப்பாடம். நாங்க எதையும் புதுசா சேர்க்கல. சேர்க்கவும் தெரியாது."

"நான் ஒவ்வொரு தடவையும் வேற வேற செய்யறேன்."

"இல்லடி" என்றாள் சொராய்தா. கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் நீபியாவுக்கு இன்னும் சுட்டது. "மல்லாக்கப் படுப்பே. கொஞ்ச நேரம் கூரையப் பார்ப்பே. அப்பறம் இடது தோள். எப்பவும் இடது தோள்தான். காதத் தரையில வெச்சு ஏதோ கேக்கற மாதிரி இருப்பே. முழங்கால இழுத்துப்பே. கைய ஊன்றி வழுக்குவே, உள்ளங்கையப் பார்ப்பே. மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் அதுதான்."

"பொய்."

"சரி. இப்பப் படு. எது வேணும்னாலும் செய்."

நீபியா அங்கேயே, வலைகளுக்கு நடுவில், அழுக்கு சிமென்ட் தரையில் படுத்தாள். எல்லாரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். கூரையைப் பார்த்தாள். கூரையைப் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இவர்கள் முகத்தில் கரியைப் பூசுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் இடது தோள் மடிந்து பாதி தூரம் போயிருந்தது. படுத்தபடியே பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பாள்.

கதவைத் தட்டாமல் தோன் வால்டெமார் உள்ளே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"ஏம்மா, ஏன் கீழ கிடக்கற? சரி, அது உன் தொழில். கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ரெண்டு தரமும் ஒரு மயிரிழைகூட மாறல. ஒத்திகையே பார்க்க மாட்டோம்னு என்கிட்ட கதை விட்டியே? ஹால் உனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, மார்ச்சுல கிளப் ஆரம்பிச்ச நாள் விழாவுக்கு வெளியிலேர்ந்து பெரிய மனுஷங்க வர்றாங்க. அப்ப இதையே ஆடணும். இதேதான், மாத்திடாத."

நீபியா வாயைத் திறந்தாள். சொராய்தா அவள் கால் விரலை மிதித்தாள். நீபியா வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொண்டதற்காக அவள் தன்னை மன்னிக்கவில்லை.

கோடையில் ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. நீபியா போகவில்லை. சமையலறை மேஜையை நடைக்குத் தள்ளிவிட்டு, ஓட்டுத் தரையில் போர்வையை விரித்துப் படுத்தாள். வேறு ஏதாவது, இது தவிர எதுவானாலும், என்று தன்னையே கெஞ்சிப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. ஏன் எப்போதும் இடது என்று யோசித்தபோது காரணம் பிடிபட்டது. வலது தோள் முறிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போக உடம்புக்கு பயம். பயந்து விலகிப் போனதையெல்லாம் சுதந்திரம் என்று பேர் வைத்து, அதை இத்தனை பேருக்குச் சொல்லியும் தந்திருக்கிறாள். வலப்பக்கம் உருண்டு பார்த்தாள். தோள் ஓட்டில் இடித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்து, போர்வையைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். மேஜையை இழுத்துப் பழையபடி போட்டு, அதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் பிறந்தது. விழா ஒரு சனிக்கிழமை என்று அறிவித்தார்கள். அந்த வாரம் பார்த்து பஸ் கம்பெனி தார்தோவுக்குச் சனிக்கிழமை வேலை போட்டுவிட்டது. மாற்றிக் கேட்டார், மாட்டேன் என்றார்கள். வாசலில் நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "புரொஃபே, என் இடத்துக்கு யாராவது வேணுமே" என்றார்.

"இவதான்" என்று நீபியாவைக் காட்டினாள் சொராய்தா. "வேற யாருக்குத் தெரியும்?"

நீபியா எரிந்து விழுந்தாள். ஆனால் வேறு வழி இருக்கவில்லை. ஒருத்தர் குறைந்தால் ஆட்டம் நொண்டும். நொண்டினால் கமிட்டி கவனிக்கும். டயர்க்காரன் வேறு கேன்டீனில் வந்து உட்கார்ந்து வால்டெமாரோடு சீட்டாட ஆரம்பித்திருந்தான். ஆகவே அந்த வாரம் செவ்வாயும் வியாழனும் அவளுக்கு ஒத்திகை நடந்தது. தான் கண்டுபிடித்ததை, தான் ஆடியது என்று தனக்கே தெரியாததை, தன் மாணவர்களிடம் அவள் பாடம் கேட்டாள்.

"இல்ல நீபியா, நீ அங்க நிறுத்த மாட்டே."

"நான் நிறுத்துவேன். நான்தானே நான்?"

"நீ நிறுத்த மாட்டே. முழங்கால இழுத்துக்கிட்டுத்தான் காத எடுப்பே. தார்தோ, காட்டுங்க."

தார்தோ அழகாகப் படுத்து, நீபியாவைவிட நன்றாக நீபியாவாக ஆடிக் காட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள். வேண்டுமென்று செய்யும்போது ஒன்றும் சரியாக வரவில்லை. கை வழுக்குகிற இடத்தில் வழுக்க மறுத்தது. அங்கே கொஞ்சம் டாங்கோப் பவுடர் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருத்தி கேட்டாள். நீபியா பார்த்த பார்வையில் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

விழா அன்று பெரிய மனிதர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். வால்டெமார் டை கட்டியிருந்தார். நீபியா தார்தோவின் இடத்தில் போய்ப் படுத்தாள். இத்தனை காலம் சுவரோரம் நின்று பார்த்தவளுக்கு, படுத்த இடத்திலிருந்து நாற்காலிக் கால்களும் செருப்புகளும்தான் தெரிந்தன. வலப்பக்கம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சொராய்தா கிடந்தாள். இடப்பக்கம் காலி, உருளுவதற்காக விட்டிருந்த இடம். நீபியா கூரையைப் பார்த்தாள். இப்போது இடது தோள். எல்லாரும் காத்திருக்கிறார்கள். அது மடிந்தால்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள். ஹால் நிலைக்கும். செவ்வாய்க்கிழமை வழக்கம்போலத் துடைத்துவிட்டு மறுபடி எது வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொல்லலாம். அவர்களும் மறுபடி இதையே செய்வார்கள். அவள் சாகிற வரை செய்வார்கள்.

அவளுக்குள் ஏதோ சீறியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, வலப்பக்கம் உருண்டாள்.

உருளும்போதே பயம் வந்துவிட்டது. தோள் பலகையில் இடிக்கும், அதற்கு முன்னால் சொராய்தாவின் முகத்தில் இடிக்கும் என்று தெரியும். இரண்டும் நடக்கவில்லை. முறிந்து கூடிய தோள் மெத்தென்ற ஏதோ ஒன்றின்மேல் இறங்கியது. சொராய்தாவின் மேல்கை. அவள் படுத்திருந்த இடத்தில் அவள் இல்லை. எப்படியோ நகர்ந்து வளைந்து, இடம் விட்டு, கையை மட்டும் அங்கே நீட்டி வைத்திருந்தாள். அந்தக் கை நீபியாவைத் தாங்கி, உருண்ட வேகத்தை வாங்கி, தரைக்கு மெதுவாக இறக்கிவிட்டது. நீபியாவின் மூக்கு பலகையில் பதிந்திருந்தது.

"இது ஒத்திகையில இல்லையேடி" என்று மூக்கைத் தரையில் வைத்தபடியே முணுமுணுத்தாள்.

"நீ இந்தப் பக்கம் வந்தது மட்டும் இருந்துதா? சும்மா கிட, யோசிக்கிறேன்" என்று காதோரம் பதில் வந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆடினார்கள் என்று நீபியாவால் சொல்ல முடியாது. மற்றவர்கள் கொஞ்ச நேரம் விழித்தார்கள். ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல், வந்து விழுகிற உடம்புக்கு இடம் விட்டும் இடம் பிடித்தும் எல்லாரும் கிளம்பினார்கள். மூச்சு வாங்கி எழுந்து நின்றபோது கைதட்டல் கேட்டது. வால்டெமார் டையைத் தளர்த்திக்கொண்டு வந்து, ஹாலின் சாவியை அவள் கையில் திணித்தார்.

"பிரமாதம்மா. டிசம்பர்ல ஆடின அதே ஆட்டம். எழுதி வெச்ச மாதிரி."

நீபியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவர் டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சாவியை வாங்கினாள். சொராய்தாவைப் பந்து வலை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"அங்கேர்ந்து எப்படி நகர்ந்தே?"

"எங்கேர்ந்து?"

"நான் வலப்பக்கம் வந்தப்ப. எனக்கே தெரியாது நான் வரப் போறேன்னு. நீ எப்படிப் போனே? எந்தப் பக்கமா? முதல்ல இடுப்ப எடுத்தியா, முதுகயா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நீ மேல வந்து விழறே, நான் நகர்ந்தேன்."

"நான் பார்க்கல சொராய்தா. கண்ண மூடிக்கிட்டேன். இத்தன வருஷமா அது ஒண்ணத்தான் பார்க்கணும்னு நின்னேன், நடக்கறப்ப மூக்கத் தரையில வெச்சுக்கிட்டுக் கிடந்தேன்." சொராய்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவை காட்டேன். ஒரே ஒரு தடவை."

 சொராய்தா, சுங்க இலாகாவில் யாரிடமும் காட்டாத பொறுமையோடு, நல்ல பாவாடையைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அழுக்கு சிமென்ட் தரையில் மல்லாக்கப் படுத்தாள். கூரையைப் பார்த்தாள். கையை இப்படி வைத்துப் பார்த்தாள், அப்படி வைத்துப் பார்த்தாள். இடுப்பை நகர்த்தப் போய் நிறுத்தினாள்.

"வரல நீபியா" என்றாள்.